பத்தியமும் பாகமும்: பல்வகை உணவுத் தேவையுள்ள இல்லங்களுக்கான தமிழ்ச் சமையல் நூல்களை மதிப்பிடுதல் – ஒரு வரலாற்று நோக்கு

டொரொண்டோவிலோ இலண்டனிலோ கோலாலம்பூரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இரவு உணவு வேளையை எண்ணிப் பார்க்கலாம். தாத்தாவுக்கு நீரிழிவு. பாட்டி வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறெதுவும் தொடாதவர். மருமகனுக்குக் கோதுமையின் பசையம் ஆகாது. பேத்தி பாலும் நெய்யும் விலக்கியவள். அடுப்பு ஒன்று, சமைப்பவரும் ஒருவரே. அவர் கைக்கெட்டும் அலமாரியில் நான்கைந்து சமையல் நூல்கள் இருக்கின்றன. அவற்றுள் எது அவருக்கு உதவும், எது அவரைத் தவறான வழியில் செலுத்தும் என்பது நடைமுறை வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் ஒரு வரலாற்று வினாவாகும். ஒவ்வொரு சமையல் நூலும் தன் மனத்தில் ஓர் இல்லத்தை வைத்துக்கொண்டே எழுதப்படுகிறது. அந்த இல்லத்தில் யார் உண்டனர், யார் நோயுற்றிருந்தனர், எது சொல்லாமலே விளங்கியது என்பவற்றை அறியாமல் அந்நூலை மதிப்பிட இயலாது.

உணவுத் தேவை வேறுபாட்டைப் பற்றிய அறிவு தமிழில் மிகப் பழமையானது. ஆயினும் அது சமையல் நூலுக்கு வெளியே, மருத்துவ நூலிலும் பெண்களின் நினைவிலும் வாழ்ந்தது. அச்சுச் சமையல் நூல் தோன்றியபோது அவ்வறிவு உடன் ஏற்றப்படவில்லை. இக்கட்டுரை இக்கருத்தை முன்வைத்து, அதன் விளைவுகளைச் சில பொருள்களின் வழியே ஆராய்கிறது.

மடைநூலும் பத்தியமும்

சமையலுக்கு நூல் உண்டு என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை, வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட அடிசில் நூலொன்றைச் சுட்டுகிறது. மணிமேகலை, கற்றுத் தேர வேண்டிய கலைகளின் வரிசையில் மடைநூலையும் வைக்கிறது. நளபாகம், வீமபாகம் என்னும் வழக்குகள் இன்றும் பேச்சில் உள்ளன. இவை யாவும் சுவையின் மரபைச் சார்ந்தவை; அரசன் முன்னும் விருந்தினர் முன்னும் படைக்கப்படும் உணவே இவற்றின் பொருள்.

உண்பவர் உடலை நோக்கிய அறிவு வேறு தடத்தில் வளர்ந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மூலிகைகளைப் பட்டியலிடாமல், உண்ணும் அளவையும் முன் உண்டது செரித்தமை அறிந்து உண்பதையுமே பெரிதும் பேசுகிறது. தேரையர் பெயரில் வழங்கும் பதார்த்த குண சிந்தாமணி, நீர், பால், அரிசி, காய், கீரை, இறைச்சி எனப் பொருள் பொருளாக எடுத்து, வாதம் பித்தம் கபம் என்னும் மூன்றின்மேல் அவை செய்யும் மாற்றத்தைச் செய்யுளில் கூறுகிறது. தஞ்சை இரண்டாம் சரபோசியின் பெயரால் வழங்கி, பின்னர்ச் சரசுவதி மகால் நூலகத்தால் அச்சிடப்பட்ட சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் நீரிழிவுக்கெனத் தனி நூலே உண்டு. இந்நூல்களில் எல்லாம் ஒரே பொருள் ஒருவருக்கு ஆகும், மற்றொருவருக்கு ஆகாது என்பதே தொடக்கப் புள்ளியாகும். அவற்றின் மூன்று தோடக் கோட்பாட்டை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆயினும் உண்பவரை முதலில் வைத்துப் பொருளைப் பின்னர் வைக்கும் அவற்றின் ஒழுங்கு, பிற்கால அச்சுச் சமையல் நூல்களில் காணக் கிடைக்காத ஒன்று.

பத்தியம் என்ற சொல்லே இதற்குச் சான்று. மருந்துண்ணும் காலத்தில் புளி நீக்கல், உப்புக் குறைத்தல், சில காய்களை விலக்கல் என்பன அடுப்படியில்தான் நிறைவேறின. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்கு யாழ்ப்பாணத்தில் சரக்குத்தூள் இட்டு ஆக்கப்படும் கறியும், தமிழ்நாட்டில் பூண்டும் மிளகும் சேர்ந்த பத்தியக் குழம்பும் ஒரே மரபின் கிளைகள். எத்தனை நாள், எந்த மீன் கூடும், எது கூடாது என்பதை வீட்டின் மூத்த பெண் அறிந்திருந்தார். அதனால் எழுத வேண்டிய தேவை எழவில்லை. எழுதப்படாத அறிவு கடல் கடக்கும்போது முதலில் இழக்கப்படுவதும் அதுவே.

அச்சு நூல் கண்ட இல்லம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பாக சாஸ்திரம் என்ற பெயர் தாங்கிய நூல்கள் அச்சேறத் தொடங்கின. இதே காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்கெனக் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 1878இல் எழுதிய நூலும், இலங்கையில் ஹில்டா டோய்ட்ரம் தொகுத்து 1929இல் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூலும் வெவ்வேறு வாசகரை நோக்கின. ஒவ்வொன்றும் ஒரு சமூகத்தின் இல்லத்தையே இல்லம் என்று கொண்டது.

இவ்வரிசையில் மிகப் பெரிய செல்வாக்குப் பெற்றது எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார். இளமையிலேயே கணவரை இழந்த அவர், தம் உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் ஊக்கத்தால் எழுதிய முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. உறவுப் பெண்களுக்குக் கடிதம் எழுதி எழுதி முறை சொல்வதற்கு மாற்றாக ஒரு நூல் என்பதே அதன் பிறப்புக் காரணம். மணமாகி அயலூர் செல்லும் பெண்ணின் பெட்டியில் அந்நூல் இடம்பெற்றதும், பின்னர் ஆங்கில வடிவம் பெற்று அயல்நாடு சென்றதும் இயல்பே. பொருளை முதலில் அளவோடு தந்து, பின் செய்முறையைப் படிப்படியாகக் கூறும் அதன் தெளிவு தமிழ் உரைநடை வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.

எனினும் அந்நூல் கண்ட இல்லம் ஒரே வகையான இல்லம். அது தமிழ்ப் பிராமண மரக்கறி இல்லம். பண்டிகை, நோன்பு, சடங்கு ஆகியவற்றுக்கேற்ற உணவு வேறுபாட்டை அது நுட்பமாக அறியும். ஏகாதசிக்கு எது, சிராத்தத்துக்கு எது என்ற வேறுபாடு அவ்வுலகின் இயல்பான இலக்கணம். ஆனால் ஒரே பந்தியில் அமரும் இருவருக்கு உடல் காரணமாக இருவேறு உணவு வேண்டியிருக்கும் என்ற நிலை அதன் மையத்தில் இல்லை. இதைக் குறையாகக் கூறுவது வரலாற்று நேர்மையாகாது. பத்தியம் சொல்ல வீட்டில் பெரியவர் இருந்தார். நூல் அவருக்குத் துணையாக எழுதப்பட்டதே அன்றி அவருக்கு மாற்றாக எழுதப்படவில்லை. புலம்பெயர்ந்த இல்லத்தில் நூல் மட்டும் வந்து சேர்ந்தது. பெரியவர் ஊரிலேயே இருந்துவிட்டார்.

ஆங்கில உலகில் நிலைமை சற்று வேறு. எலைசா ஆக்டன் 1845இல் பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் ஒவ்வொரு முறையின் இறுதியில் தொகுத்துத் தந்தார். இசபெல்லா பீட்டன் 1861இல் அப்பட்டியலைத் தலைப்புக்குக் கீழே கொண்டுவந்ததோடு, நோயாளர் உணவுக்கெனத் தனி இயலும் அமைத்தார். பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் 1904இல் நோயுற்றோர்க்கும் நோயிலிருந்து தேறுவோர்க்குமான சமையலை முழு நூலாகவே எழுதினார். அதில் நீரிழிவாளர்க்குத் தனி இயல் உண்டு. பதினாறாம் வயதில் பக்கவாதத்தால் தாக்குண்டு பல்லாண்டு படுக்கையில் கிடந்த ஒருவர், கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியமை தற்செயல் அன்று. கைப்பக்குவம் என்பது நலமாக உள்ளோர்க்கு அழகு. நோயாளிக்கு அளவே காப்பு.

புழுங்கலரிசியும் அட்டவணையும்

உணவுத் தேவை வேறுபாட்டின் வரலாற்றில் புலம்பெயர் தமிழருக்கு நேரடித் தொடர்புடைய நிகழ்வு மலாயாவில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்டு பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்தும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாகவும் இருந்ததை எடுத்துக்காட்டினார். வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருவகை அரிசியையும் இரு பிரிவினருக்குக் கொடுத்துச் செய்த ஆய்வும் அதையே காட்டியது. பிராடன் காரணத்தைத் தவறாகவே கணித்தார். கெட்ட அரிசியில் நச்சு உண்டு என எண்ணினார். ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் தொடர்ந்து செய்த ஆய்வுகளே, தீட்டும்போது நீங்கும் தவிட்டில்தான் காக்கும் பொருள் உள்ளது என்பதை நிறுவின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தத் தயமினின் அமைப்பை அறிந்து 1936இல் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது இங்கு நினைவுகூரத் தக்க ஒரு செய்தி.

தோட்டத் தமிழர் புழுங்கலரிசியைத் தேர்ந்தது நோய்க்கு அஞ்சியன்று. அது அவர்கள் பழகிய சோறு. ஆனால் சமையல் நூல்களில் பச்சரிசி, புழுங்கலரிசி என்னும் வேறுபாடு இட்லி மிருதுவாக வரவும், பொங்கல் குழையவும், சடங்குத் தூய்மை காக்கவும் மட்டுமே குறிக்கப்படுகிறது. உடலுக்கு அவ்வேறுபாடு எதைச் செய்யும் என்பது பேசப்படுவதில்லை. மலாயாவின் மருத்துவ அறிக்கைகளில் இடம்பெற்ற அறிவு சமையல் நூலின் பக்கத்தை எட்டவே இல்லை.

இந்தியாவிலும் இதே பிளவு நீடித்தது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. ஆய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பு பற்றிய அட்டவணைகளும், சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தம் உடனாய்வாளருடன் 1971இல் வெளியிட்ட விரிந்த நூலும் இவ்வாய்வகத்தின் கொடை. இவ்வட்டவணைகள் 100 கிராம் என்ற அளவில் பேசின. சமையல் நூல்களோ படி, ஆழாக்கு, பலம், தோலா என்று பேசின. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை. படியோ வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்துக்குப் பின்னும் ஆழாக்கு அடுக்களையில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஒரே மாநிலத்தில் எழுந்த இருவகை எழுத்துகள் ஒன்றையொன்று படிக்க இயலாத நிலை அது. உப்பைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிக்கு, உப்பு தேவையான அளவு என்று முடியும் ஒரு முறை எவ்வாறு பயன்படும்? தேவை என்பது யாருடைய தேவை என்று அந்நூல் கூறாது.

இட்லி எத்தனை?

நீரிழிவின் வரலாற்றில் இச்சிக்கல் கூர்மையாகத் தெரிகிறது. இன்சுலினுக்கு முன் அமெரிக்காவில் பட்டினி மருத்துவமே நடைமுறையில் இருந்தது. 1915இல் அதற்கெனச் சமையல் முறைகளோடு கூடிய நூலும் வந்தது. 1922 சனவரியில் டொரொண்டோ பொது மருத்துவமனையில் முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட பின்னரே நீரிழிவாளர் உண்டு வாழலாம் என்ற நிலை பிறந்தது. 1950இல் அமெரிக்க நிறுவனங்கள் இணைந்து மாற்றுப் பட்டியல் முறையை வகுத்தன. அதன்படி ஒரு துண்டு ரொட்டியின் மாவுச்சத்து ஏறத்தாழ 15 கிராம். அதற்கு ஈடாக மூன்றிலொரு கோப்பை சோறு. தமிழர் இலையில் முதல் முறை விழும் சோறே இவ்வளவைப் பன்மடங்கு தாண்டிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரொட்டித் துண்டு ஆலையில் வெட்டப்படுவது. அதற்கு ஓரளவு நிலைத்த எடை உண்டு. இட்லிக்கு அது இல்லை. தட்டு இட்லியும் குட்டி இட்லியும் இட்லியே. இரண்டு இட்லி உண்ணலாம் என்று கூறும் நூல், தட்டின் குழி கொள்ளும் மாவு எவ்வளவு என்பதைக் கூறாவிட்டால் ஒன்றும் கூறியதாகாது. நீரிழிவாளர்க்கான சமையல் என்று அட்டையில் எழுதிக்கொண்ட நூல்களை மதிப்பிட இதைவிட எளிய சோதனை வேறில்லை: ஒரு பக்கத்தைத் திறந்து, இம்முறை எத்தனை பேருக்கு, ஒருவருக்கு எவ்வளவு என்ற இரண்டும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் அந்நூல் சர்க்கரையை நீக்கியிருக்கலாம். நீரிழிவாளரை நினைத்து எழுதப்பட்டதாகாது.

1981இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்சும் உடனாய்வாளரும் வகுத்த கிளைசெமிக் குறியீடு இன்னொரு கருவியைத் தந்தது. அதனோடு புதிய குழப்பமும் வந்தது. அரிசி நீரிழிவுக்குப் பகை என்ற பொதுக்கூற்று பல நூல்களில் தயக்கமின்றி எழுதப்படுகிறது. பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரேலிய அறிவியல் நிறுவனமும் 235 அரிசி வகைகளை ஆய்ந்தபோது குறியீடு 48 முதல் 92 வரை விரிந்து, சராசரி 64 ஆக இருந்தது. அரிசி என்ற ஒற்றைச் சொல் இங்கே எதையும் விளக்காது. அவ்வாறே, ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையொட்டிப் பெருகிய நூல்களில் கேழ்வரகு எவ்வடிவிலும் நன்று என்ற தொனி உண்டு. முழுத் தானியமாக வெந்த உணவும், நொய்ய அரைத்துக் காய்ச்சிய கூழும் இரத்தச் சர்க்கரையை ஒரே வேகத்தில் உயர்த்துவதில்லை. பக்குவம் மாறினால் பலனும் மாறும் என்பதைச் சமையல் நூலே அறியாவிட்டால் வேறு எந்நூல் அறியும்?

பெருங்காயம் என்னும் உரைகல்

நெதர்லாந்து மருத்துவர் வில்லம் டிக்கே, சீலியாக் நோயுற்ற குழந்தைகளுக்குக் கோதுமையே ஊறு செய்கிறது என்பதை 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் நிறுவினார். இந்நோய் உடையவர்க்குப் பசையம் சிறிதளவு தொடர்ந்து சேரினும் சிறுகுடலின் உட்சுவர் பழுதுறும். பசையமற்றது என்று கூற ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2008இல் உலக உணவு நெறித்தொகுப்பு ஏற்ற வரம்பு.

தமிழ்ச் சமையல் இயல்பாகவே பசையமற்றது என்ற நம்பிக்கை புலம்பெயர் நூல்களில் பரவலாக உள்ளது. இட்லி, தோசை, இடியப்பம், புட்டு, சாம்பார், இரசம் என்று அடுக்கிக் காட்டுவர். அரிசியும் உளுந்தும் பசையமற்றவை என்பது மெய். ரவையும் சேமியாவும் கோதுமை என்பதும் பெரும்பாலும் கூறப்படுகிறது. கூறப்படாதது பெருங்காயம். ஈரானிலும் ஆப்கானித்தானிலும் விளையும் செடியின் பிசின் தனித்து உண்ண முடியாத காரம் உடையது. ஆதலின் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவு கலக்கப்படுகிறது. அம்மாவு பலவற்றில் கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. சாம்பார், இரசம், ஊறுகாய், முறுக்கு எனப் பெருங்காயம் ஏறாத பக்கம் குறைவு. பெருங்காயம் சிறிது என்று எழுதிப் பசையமற்றது என்று தலைப்பிடும் நூல், நம்பிச் சமைக்கும் தாயைக் கொண்டே அவள் குழந்தைக்குத் தீங்கு செய்விக்கிறது. இதை அச்சுப்பிழை போலக் கடந்து செல்ல இயலாது.

ஆகவே பெருங்காயத்தை ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம். மாவு எது எனப் பார்த்து வாங்குக என்றோ, நீக்கினால் பூண்டு சேர்க்க என்றோ ஒரு வரி இருப்பின், அந்நூலாசிரியர் பொருளின் உள்ளே எட்டிப் பார்த்தவர் என்று துணியலாம். கடுகும் அத்தகையதே. கனடாவில் 2012 ஆகத்து முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி கடுகு முதன்மை ஒவ்வாமைப் பொருள்களுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலின் பதினான்கு பொருள்களிலும் கடுகும் எள்ளும் உள்ளன. அமெரிக்காவில் எள் 2023 சனவரி முதல் அப்பட்டியலில் சேர்ந்தது. தாளிப்பு இல்லாமல் தமிழ்க் கறி ஏது எனலாம். சீரகமும் கறிவேப்பிலையும் கொண்டு தாளிக்க இயலும் என்பதை ஒரு வரியில் கூறுவதற்கு இடமா இல்லை? எதை எடுத்தால் உணவு நிற்கும், எதை எடுத்தால் விழும் என்று அறிந்து கூறுவதே இன்றைய பாக நூலாசிரியரின் புலமை.

சைவம் என்ற சொல்லும் ஆய்வுக்குரியது. 1847இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட சங்கம் பரப்பிய மரக்கறிக் கருத்தில் முட்டைக்கு இடமுண்டு. தமிழ்ச் சைவ உணவில் முட்டை இல்லை, பால் உண்டு. 1944இல் பெயர் பெற்ற வீகன் நெறியிலோ பாலும் இல்லை. மொழிபெயர்ப்பில் இம்மூன்றும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. இலங்கைச் சம்பலில் மாசிக் கருவாடு சேரும்போது, அதைத் துணைச் சுவையாக மட்டும் எண்ணி மச்சமாகக் கருதாது விடும் ஆங்கில நூல்களும் உண்டு. பால் வகையில் இன்னும் நுட்பம் வேண்டும். பால் செரியாதவர் பலர் தயிரைத் தாங்குவர். நெய்யில் பாற்சர்க்கரை ஏறத்தாழ இல்லை. பாற்புரத ஒவ்வாமை உள்ளவருக்கோ இரண்டும் விலக்கு. வீகன் நெறியாளர் விலக்குவது வேறு காரணம் பற்றி. மூவரையும் பால் ஆகாதோர் என்று ஒரே தலைப்பில் அடக்கும் நூல் மூவரில் ஒருவருக்கேனும் பிழை செய்கிறது.

ஓரக்குறிப்புகள்

இக்குறைகளைப் பல இல்லங்களில் நூலைப் பயன்படுத்தியோரே திருத்தியிருக்கின்றனர். எண்ணெய்க் கறை படிந்த பழம்பிரதிகளின் ஓரத்தில் பென்சிலாலும் பேனாவாலும் எழுதிய குறிப்புகள் உண்டு: ஆழாக்குக்கு எதிரே கோப்பை அளவு, நெய்க்கு எதிரே எண்ணெய், வெல்லம் பாதி, அப்பாவுக்கு உப்பில்லாமல் தனியே எடுத்து வைக்க. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு எத்தகையதோ அத்தகையது சமையல் நூலில் இவ்வோரக்குறிப்பு. பத்தியம் சொன்ன பெரியவரின் குரல் அச்சில் ஏறாமல் போய், கைவசமிருந்த பிரதியின் விளிம்பில் மீண்டும் எழுந்த இடம் அது.

ஆய்வு நூலகங்கள் பொதுவாகத் தூய பிரதியையே விரும்புகின்றன. கறைபட்டதும் கிறுக்கப்பட்டதும் கொடையாக வரின் மறுக்கப்படுவதோ, நல்ல பிரதி கிடைத்ததும் கழிக்கப்படுவதோ வழக்கம். முதல் தலைமுறைப் புலம்பெயர்ந்தோரின் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலிசெய்யப்பட்டுவரும் இப்போது, சமையல் நூல்கள் பழைய காகிதத்தோடு சேர்ந்து வெளியேறுகின்றன. நூற்பட்டியலில் பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் குறிப்பதோடு, கைக்குறிப்பு உண்டு, இல்லை என்று ஒரு புலத்தைச் சேர்ப்பது பெருஞ்செலவு கோரும் பணியன்று. அவ்வாறு சேர்த்தால், எந்த ஆண்டுப் பதிப்பில் எந்தப் பொருளுக்கு எதிரே மாற்று எழுதப்பட்டது என்பதைக் கொண்டு, எந்நாட்டில் எக்காலத்தில் எந்நோய் தமிழ் அடுப்படியை வந்தடைந்தது என்று ஓரளவு கணிக்க இயலும்.